நிழலுக்கு ஆரஞ்சுக் கைக்குட்டை

வால்தெரூதா ஊர்த் திருவிழாவின் கடைசி மாலையில், பலோமோ என்ற காளையைக் கொன்றுவிட்டு அரங்கின் நிழல் பாதியிலிருந்து வெயில் பாதிக்கு நடந்து வந்த காளைப்போர் வீரன் அன்செல்மோவின் காலடியில் அவனுடைய நிழல் விழவில்லை, காளையின் நிழல் விழுந்தது. நான்கு கால், அகன்ற கழுத்து, இடது பக்கம் சற்றே தாழ்ந்த கொம்பு, ஈ விரட்டும் வால், எல்லாம் குறைவில்லாமல் இருந்தன.

ஸ்பெயின் நாட்டில் காளை அரங்கு வட்டமாக இருக்கும், மாலை வெயில் அதைச் சரிபாதியாக வெட்டும், நிழல் விழும் பக்கத்தில் வசதி உள்ளவர்களும் வெயில் விழும் பக்கத்தில் மற்றவர்களும் உட்காருவார்கள், இது அங்கே பாட்டன் பூட்டன் காலத்து ஏற்பாடு. ஆகவே அதை முதலில் பார்த்தவர்கள் ஆலிவ் பறிக்கிறவர்களும் செருப்புத் தைக்கிறவரும் களத்து மேட்டுப் பெண்களும்தான். அவர்கள் தொப்பியையும் முக்காட்டையும் கண்ணுக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு ஒரு முறைக்கு இரு முறை பார்த்தார்கள், பக்கத்தில் இருந்தவரிடம் மெதுவாகச் சொன்னார்கள், அவர் அவருக்குப் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். நிழல் பக்கத்துப் பெரிய மனிதர்கள் மட்டும் மறுநாள் அவன் தெருவில் நடந்து போகும் வரை நம்பவில்லை. வெயிலில் உட்கார்ந்தவன் கண்ணுக்கு எதுதான் தெரியாது என்றார்கள்.

அந்தக் காளையைப் பற்றிச் சொல்லாமல் மேலே போவது சரியாகாது. அது தோன்யா பிரிகிதா என்ற அம்மாளின் பண்ணையில் பிறந்தது. அங்கெல்லாம் கன்றுக்குத் தாயின் பெயரையே வைப்பார்கள். தாயின் பெயர் பலோமா, அதாவது புறா, ஆகவே மகன் பலோமோ, ஆண் புறா. அரங்கு வாசல் பலகையில் அந்தப் பெயரைப் படித்து, இன்றைக்குத் தானியம் தூவினால் போதும், வாள் வேண்டாம் என்று சிரித்தவர்கள் இருந்தார்கள். காளை வெளியே வந்ததும் சிரிப்பு நின்றது. அது பக்கவாட்டில் கொம்பைத் திருப்பவில்லை, கள்ளத்தனமாகப் பின்வாங்கவில்லை, துணி போன இடத்துக்கெல்லாம் நேராக, நேர்மையாக வந்தது. ஊரின் ரொட்டிச் சூளைக்காரர் மகனான அன்செல்மோ அதற்கு முன் எந்தக் காளையோடும் அப்படி ஆடியதில்லை. அது வர, இவன் விலக, இவன் நிற்க, அது திரும்ப, வாத்தியக்காரர்கள் தாங்களாகவே வாசிக்கத் தொடங்கினார்கள், ஜனங்கள் எழுந்து நின்று காளைக்கு உயிர்ப்பிச்சை கேட்டார்கள்.

மிக நல்ல காளைக்கு அப்படி ஒரு மன்னிப்பு உண்டு. அரங்கின் தலைவர் தன் மாடத்தில் ஆரஞ்சு நிறக் கைக்குட்டையைத் தொங்கவிட்டால் காளையைக் கொல்லக் கூடாது. வீரன் வாளுக்குப் பதிலாக உள்ளங்கையால் அதன் பிடரியைத் தொட்டு விலக வேண்டும். மணி கட்டிய எருதுகள் வந்து அதை அழைத்துப் போகும். பிறகு அது தன் பண்ணைக்குத் திரும்பிச் சாகும் வரை புல் மேயும். அன்று தலைவர் ஊரின் மேயர் தோன் சதூரியோ. ஒவ்வொரு உத்தரவுக்கும் ஒரு நிறம் உண்டு. அவர் சட்டைப்பைக்குள் கையை விட்டார். வெள்ளைக் கைக்குட்டை இருந்தது, பச்சை இருந்தது, நீலம்கூட இருந்தது. ஆரஞ்சு இல்லை. அடுத்த பையிலும் இல்லை. அவர் மணி பார்ப்பவர் போலத் தேவாலயக் கோபுரத்தைப் பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். கீழே அன்செல்மோ தலை நிமிர்ந்து காத்து நின்றான், பிறகு வாளை எடுத்தான்.

ஒரே குத்தில் முடிய வேண்டியது நான்கு குத்து ஆயிற்று. ஐந்து என்று சொல்பவர்களும் உண்டு; ஒரு தடவை வாள் எலும்பில் பட்டுத் தெறித்தது, அதைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதில்தான் வித்தியாசம். நேரம் கடக்கிறது என்று எச்சரிக்கும் எக்காளம் இரண்டு முறை ஊதியது. அவ்வளவு நேரமும் காளை அவனையே பார்த்துக்கொண்டு நின்றது, துணி அடுத்து எந்தப் பக்கம் போகப் போகிறது என்று கேட்பது போல. பிறகு முன்னங்கால்களை மடித்தது. சலங்கை கட்டிய கோவேறு கழுதைகள் அதை இழுத்துப் போனபோது மணலில் உடம்பின் தடத்துக்குப் பக்கத்தில் இன்னொரு மெலிந்த தடமும் விழுந்ததாகக் கழுதைக்காரன் சொன்னான், ஆனால் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சில நாட்களில் ஊர் பழகிவிட்டது. கசாப்புக் கடைக்காரர் பலோமோவின் இறைச்சியை விற்று முடித்திருந்தார். வால் கறி கொதித்துக்கொண்டிருந்த வீடுகளில், நிழல் இன்னும் நடமாடும் மாட்டைத் தின்பது முறையா என்று ஒரு கேள்வி எழுந்தது. பாதிரியாரிடம் போனார்கள். அவர் நெடுநேரம் யோசித்து, வெந்தது எதுவும் தன் நிழலுக்குப் பொறுப்பில்லை என்று தீர்ப்புச் சொல்லி, தனக்கும் ஒரு கிண்ணம் வாங்கிக்கொண்டார். சதுக்கத்தில் படுத்திருந்த நாய்கள் அவன் வரும்போது எழுந்து வழிவிட்டன. கறவைப் பசுக்கள் கொட்டிலுக்குள்ளிருந்து கழுத்தை நீட்டிப் பார்த்தன, பார்த்த அன்று கொஞ்சம் கூடுதலாகவே கறந்தன. கோதுமைக் களத்தில் மருந்துக்கும் ஒரு மரம் கிடையாது. அங்கிருந்த பெண்கள் அவனைக் கூப்பிட்டுச் சற்று நிற்கச் சொல்லி, மனித நிழலில் ஒருத்தி உட்காரலாம் என்றால் மாட்டு நிழலில் மூன்று பேர் உட்காரலாம் என்று, அதன் வயிற்றுப் பக்கமாக ஒதுங்கித் தண்ணீர் குடித்தார்கள். நாவிதர் தன் கடைவாசலில், கொம்பு நிலையில் இடிக்காமல் கொஞ்சம் சாய்ந்து வரும்படி அவனிடம் கேட்டுக்கொண்டார், இடித்தால் நிலைக்கு ஒன்றும் ஆகாது என்று தெரிந்தும் கேட்டுக்கொண்டார். அந்த நிழலை யாரும் மிதிக்கவில்லை. சுற்றிப் போவதற்குச் சோம்பல்படுகிறவர்கள்கூட அது தலை குனிந்து கல் இடுக்கில் மேய்வதைப் பார்த்துவிட்டுச் சுற்றித்தான் போனார்கள். ஏனென்றால் அவன் நிமிர்ந்து நின்றாலும் அது மேய்ந்தது, அவன் நின்றுகொண்டிருக்கும்போதே அது படுத்து அசைபோட்டது, அவன் மனம் எங்கே இருந்ததோ தெரியாது, அதன் மனம் புல்லில் இருந்தது.

எல்லோருக்கும் பழகிய அது அவனுக்கு மட்டும் பழகவில்லை. அந்த நிழலின் பிடரியில், கருமைக்கு நடுவே, நான்கு பொட்டு வெளிச்சம் இருந்தது. வாள் போன இடங்கள். அவற்றின் வழியாக வெயில் தரையில் விழுந்தது. ஊரார் கொம்பையும் வாலையும் பார்த்தார்களே தவிர அதைப் பார்க்கவில்லை. அவன் வேறு எதையும் பார்க்கவில்லை. முதலில் உச்சி வேளையில் மட்டும் வெளியே வந்தான், அப்போது நிழல் சிறியது என்று. பிறகு மேகம் போட்ட நாட்களில் மட்டும் வந்தான். பிறகு வருவதே இல்லை. மரச் சன்னல்களைச் சாத்திவிட்டு, வெயில் எட்டாத மூலையில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

அவன் மனைவி காசில்டாவுக்கு அப்போது ஆறாம் மாதம். கிணற்றுக்கும் கடைக்கும் அவளே போய்வந்தாள், வந்து ஊர்ச் செய்தியைச் சொன்னாள், உன் நிழல் எங்கே, சௌக்கியமா என்று எல்லோரும் விசாரிப்பதையும் சொன்னாள். அவன் மூலையிலிருந்து கேட்டுக்கொண்டான். அவளுக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது, அது பெரிய ஆசையும் இல்லை. தெருவில், வெயிலில், அவனோடு பக்கத்தில் பக்கத்தில் நடக்க வேண்டும். ஒரு மத்தியானம் அவள் அவரைக்காய் உரித்துக்கொண்டே கேட்டாள்:

"பிள்ளை பொறந்து அப்பா யாருன்னு கேட்டா, மூலையில இருக்கிற இருட்டைக் காட்டட்டுமா?"

அவன் சிரிக்கவில்லை. "கீழே பார்த்தா அந்த நாலும் தெரியுது, காசில்டா."

"எனக்கும் தெரியும். மொதல் நாளே பார்த்தேன்."

"ஏன் சொல்லலை?"

"நீயா சொல்லுவேன்னு இருந்தேன்."

அவரைக்காய்க் கூடையை அவன் மடியில் வைத்துவிட்டு, மிச்சத்தை உரித்து வை என்று சொல்லிவிட்டு, அவள் நேராக மேயர் வீட்டுக்குப் போனாள்.

தோன் சதூரியோ சாப்பாட்டு மேசையில் இருந்தார். அன்றைக்கு ஏன் மன்னிப்புத் தரவில்லை என்று அவள் கேட்டாள். அவர் விதிமுறைகளைப் பற்றிச் சொன்னார், காளையின் இடது கொம்பு தாழ்ந்திருந்ததைப் பற்றிச் சொன்னார், தலைவராக இருப்பவன் கூட்டத்தின் சத்தத்துக்கு மயங்கக் கூடாது என்று சொல்லத் தொடங்கியபோது அவர் மனைவி சமையலறையிலிருந்து வந்து மேசை நடுவில் ஒரு பொட்டலத்தை வைத்தாள். ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி, ஆரஞ்சு நிறத் துணியில் சுற்றியிருந்தது. வீட்டில் இருந்த துணிகளில் அதுதான் நல்ல நெசவு, அந்த ஊரில் யாருக்கும் நினைவு தெரிந்து ஆரஞ்சு தேவைப்பட்டதும் இல்லை, ஆகவே அவள் அதைச் சில வருஷமாக அதற்குத்தான் வைத்திருந்தாள். மேயர் அந்தப் பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"கையில இருந்தா குடுத்திருப்பேன்மா," என்றார். "இல்லைன்னு அத்தனை பேர் முன்னால எப்படிச் சொல்றது?"

அவள் அந்தத் துணியைக் கையால் காட்டினாள். அவர் பாலாடைக்கட்டியைத் தட்டில் எடுத்து வைத்துவிட்டுத் துணியை உதறினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாலை அரங்கு திறந்தது. நிழல் பக்கத்துக்காரர்கள் நிழலிலும் வெயில் பக்கத்துக்காரர்கள் வெயிலிலும், எல்லோரும் தேவாலய உடுப்போடு வந்து அவரவர் இடத்தில் உட்கார்ந்தார்கள். காசில்டா கணவனை ஒரு போர்வைக்கடியில் அழைத்து வந்து வெயில் பாதியில் விட்டுப் போர்வையை எடுத்தாள். நிழல் மணலில் விழுந்தது, தலையைத் தூக்கிச் சுற்றும் பார்த்தது, இடம் தெரிந்துகொண்டது போல உடனே அசையாமல் நின்றது. எக்காளம் ஊதியது. மேயர் எழுந்து ஆரஞ்சுக் கைக்குட்டையை மாடத்துக் கைப்பிடியில் தொங்கவிட்டார்; துவைத்தும் அதில் பாலாடைக்கட்டி வாசனை போகவில்லை என்று முதல் வரிசையில் இருந்தவர்கள் சொன்னார்கள். அன்செல்மோ மண்டியிட்டு, முறைப்படி உள்ளங்கையால் நிழலின் பிடரியைத் தொட்டான். அந்த நான்கு பொட்டு வெளிச்சமும் அவன் புறங்கையில் விழுந்தன, சூடாக இருந்தன. அவன் கையை எடுக்கவே இல்லை. வாத்தியக்காரர்கள் வாசிக்க வேண்டியதை மறந்து நின்றார்கள்.

பிறகு மணி கட்டிய எருதுகளை விட்டார்கள். நிழல் அவற்றைக் கண்டதும் பின்னால் நடந்தது, நிழல் போனால் மனிதனும் போக வேண்டும், ஆகவே அன்செல்மோவும் எருதுகளுக்குப் பின்னால் மணியோசையோடு நடந்தான், ஆண்கள் தொப்பியைக் கழற்றி நின்றார்கள், பட்டிக்குள் அவன் போனதும் வாசலைச் சாத்தினார்கள். சற்று நேரம் கழித்துத் திறந்து பார்த்தபோது எருதுகள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன, அவன் நடுவில் நின்றிருந்தான், நிழல் அவனை விட்டுப் போகவில்லை, ஆனால் வெயில் எந்தப் பக்கம் இருந்தாலும் பொருட்படுத்தாமல் கிழக்கே பார்த்து நீண்டு கிடந்தது. கிழக்கேதான் தோன்யா பிரிகிதாவின் பண்ணை. மன்னித்த காளையின் இடம் பட்டி அல்ல, அது பிறந்த மேய்ச்சல் நிலம் என்று அப்போதுதான் எல்லோருக்கும் நினைவு வந்தது. கொடுத்த மன்னிப்பைப் பாதியில் விட முடியாது என்று மேயரே சொன்னார்.

மேயரின் குதிரையில் அவனை ஏற்றிப் பார்த்தார்கள். நிழல் தரைக்கு இறங்காமல் குதிரையின் முதுகிலேயே மடிந்து கிடந்தது, குதிரை நடுங்கிக்கொண்டு நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. ஆகவே கூடாரம் போட்ட ஒரு வண்டியில் கணவனும் மனைவியும் மறுநாள் விடிந்ததும் புறப்பட்டு, வெயில் நன்றாக ஏறியபோது பண்ணையின் கல்சுவர் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

தோன்யா பிரிகிதா குதிரைமேல் வந்தாள். அவள் பின்னால் மாடு மேய்க்கும் திபூர்சியோவும் குதிரைமேல் வந்தான். அந்தப் பண்ணையில் யாரும் தரையில் நடப்பதில்லை. அரங்குக்குப் போகும் காளை, காலால் நடக்கும் மனிதனை அரங்கில்தான் முதன்முதலாகப் பார்க்க வேண்டும். முன்பே பார்த்துவிட்டால் துணி வேறு, மனிதன் வேறு என்று கற்றுக்கொண்டுவிடும், கற்றதை மறக்காது, அப்படிப்பட்ட காளையை எந்த அரங்கும் ஏற்காது. ஆகவே மந்தையை ஆசீர்வதிக்க வரும் பாதிரியார்கூட அங்கே குதிரையில் உட்கார்ந்தபடியேதான் தீர்த்தம் தெளிப்பார். தோன்யா பிரிகிதா தன் சொந்தப் புல்லை மிதித்ததில்லை. அவள் அவர்கள் சொன்னதையெல்லாம் கேட்டாள், வண்டிக்குக் கீழே எட்டிப் பார்த்த கொம்பின் நிழலையும் பார்த்தாள், வருத்தமாக இருக்கிறது, ஆனால் இவன் இறங்கி நடந்தால் இந்த வருஷத்துக் கன்றுகள் அத்தனையும் வீண், இவன் நடக்காமல் அந்த நிழல் இறங்காது, ஆகவே திரும்பிப் போவதுதான் நல்லது என்றாள்.

காசில்டா வண்டியை விட்டு இறங்கி, வாசலுக்கு வெளியே கல்சுவரின் மேல், வயிற்றைப் பிடித்தபடி உட்கார்ந்தாள். நேரம் போயிற்று. திபூர்சியோ குதிரையின் காதையே பார்த்துக்கொண்டிருந்தவன், கடைசியில் தொண்டையைச் செருமினான்.

"சொல்லிடுங்கம்மா," என்றான்.

தோன்யா பிரிகிதா வேறு பக்கம் திரும்பிக்கொண்டதால் அவனே சொன்னான். திருவிழா முடிந்த மறுநாள் முதல் பலோமா மந்தையோடு மேய்வதில்லை. கிழட்டுப் பசு, நிழலைத் தேடும் வயது, ஆனால் ஓக் மரத்தடிக்கு வராமல் நாள் முழுவதும் மொட்டை வெயிலில் படுத்துக் கிடக்கிறது. ஏனென்றால் அங்கே வெயிலில் ஒரு நிழல் இருக்கிறது. மனித நிழல். ஒல்லி இடுப்பு, தோளில் ஜரிகை வேலைப்பாட்டின் விளிம்பு, தலையில் காளைப்போர்த் தொப்பி, ஆனால் மேலே ஆள் இல்லை. அது பசுவின் பக்கத்தில் உட்கார்ந்து அதன் நெற்றியைச் சொறிந்து கொடுத்துக்கொண்டிருக்கிறது. கன்றுகளும் அதைச் சுற்றித்தான் படுக்கின்றன.

அன்செல்மோ கூடாரத்துக்குள் இருந்து இதைக் கேட்டான். இரண்டு மாதமாகத் தன் நிழல் எங்கே என்று அவன் யோசித்தே பார்க்கவில்லை, காலடியில் கிடந்ததையே யோசித்துக்கொண்டிருந்துவிட்டான். தான் சாகடித்ததன் வீட்டுக்கு அது அவனுக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது.

கன்றுகள் பார்த்தது மனிதனை அல்ல, மனித நிழலைத்தான், அது கணக்கில் வராது என்று தோன்யா பிரிகிதா அத்தனை நாளும் தனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போதும் அதைச் சொல்ல வாயெடுத்தாள். சுவர்மேல் உட்கார்ந்திருந்தவளின் முகத்தைப் பார்த்தாள். பிறகு சேணத்திலிருந்து காலை எடுத்து, திபூர்சியோ தடுப்பதற்குள், தரையில் இறங்கி நின்றாள்.

"அதுங்க எப்பவோ பார்த்தாச்சு," என்றாள். "நான்தான் பார்க்காத மாதிரி இருந்தேன். உள்ளே வா, மகனே."

அவளே வாசலைத் திறந்தாள். அன்செல்மோ வண்டியிலிருந்து இறங்கிப் புல்லில் நடந்தான். கன்றுகள் எழுந்து வந்து அவன் சட்டையை முகர்ந்தன, தெரிந்த ஆள்தான் என்பது போல விலகி வழிவிட்டன. நிழல் அவனுக்கு முன்னால் விழுந்து, நடையை எட்டிப் போட்டு, அவனை இழுத்துக்கொண்டு போயிற்று. பலோமா தலையைத் தூக்கியது. எழுந்திருக்க முயன்று, முடியாமல், படுத்தபடியே அடித்தொண்டையில் ஒரு தடவை கத்தியது, கன்று ஈன்ற அன்று பசுக்கள் கத்துமே அப்படி. காளை நிழல் அன்செல்மோவின் காலடியிலிருந்து கழன்று போனதை அவன் பாரம் குறைந்ததில் அறிந்தான். அது தாயின் விலாவை ஒட்டிப் படுத்தது. அவன் நிழலோ எழுந்து, தொப்பியைக் கழற்றிப் பசுவுக்கு ஒரு தரம் தாழ்த்தி, பழைய செருப்புக்குள் கால் நுழைவது போல அவன் பாதங்களுக்குக் கீழே வந்து சேர்ந்தது.

பசு தரையை நக்கத் தொடங்கியது. நிழலின் பிடரி எங்கே இருந்ததோ அங்கே, புல் படிந்து மண் ஈரமாகும் வரை நக்கியது, அவசரப்படாமல் ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போயிற்று. அன்செல்மோ பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தான், முதல் தடவையாக முகத்தைத் திருப்பாமல் பார்த்தான். வெளிச்சப் பொட்டு மூன்றாயிற்று. இரண்டாயிற்று. கடைசியும் மூடிக்கொண்டபோது பசு அதன்மேல் தாடையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டது.

தோன்யா பிரிகிதா அன்று வாசலுக்கு நடந்தே திரும்பினாள், பாதத்தில் முள் குத்தியதைச் சொல்லிக்கொண்டே வந்தாள், சொல்வதில் அவளுக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. கன்றுகள் வாசல் வரை வந்து வழியனுப்பின.

ஊர் கண்ணுக்குத் தெரிந்ததும் காசில்டா வண்டியை நிறுத்தச் சொன்னாள். மீதித் தூரத்தை நடந்தார்கள், வண்டி காலியாகப் பின்னால் வந்தது. வெயில் திரும்பிய பிறகு அறுவடை முடிந்த நிலத்துக்கு மேல் காற்று குளிர்ந்திருந்தது. பாதை அங்கே வளைந்து கிழக்கே திரும்பும். வளைவு தாண்டியதும் சாயும் சூரியன் அவர்கள் முதுகுக்கு வந்தது, இரண்டு நிழல்களும் முன்னால் பாதை நெடுக நீண்டன, ஒன்று வயிறு பெருத்தது, ஒன்று ஒல்லியானது. அன்செல்மோ தலை குனிந்து தன் நிழலைப் பார்த்தான். எல்லாம் சரியாக இருந்தது. ஆனால் அவன் கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டுதான் நடந்தான், நிழலின் வலக்கை மட்டும் சற்றுத் தூக்கி, விரல்களை மெதுவாக மடக்கி மடக்கி நீட்டி, காற்றில் இல்லாத ஏதோ ஒரு நெற்றியைச் சொறிந்துகொண்டே வந்தது. அவன் கையை இறுக்கிப் பார்த்தான், உதறிப் பார்த்தான். அது நிற்கவில்லை.

காசில்டாவும் அதைப் பார்த்தாள். ஒரு எட்டுப் பின்தங்கி, அரை எட்டு அவன் பக்கமாக நகர்ந்து, தன் நிழலின் தலை சரியாக அந்தக் கைக்குக் கீழே வரும்படி பார்த்துக்கொண்டு, ஊர் வரும் வரை அப்படியே நடந்தாள்.